நாற்பத்தொன்றாம் நம்பர் பாட்டில்

என் தம்பி குடித்துச் செத்தான் என்று எழுதி வைத்திருந்தார்கள். மூன்று மணிக்கு அந்தக் காகிதத்தில் தொழிலாளர் துறை அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு அதுதான் உண்மை. அப்போது மணி இரண்டேகால்.

இருமல் மருந்தையே மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்குகிறவன் என் தம்பி. பழைய ட்யூப்லைட்டுகளை உடைத்துப் பிரிக்கும் ஆலையில் ஆறு வருடம் வேலை பார்த்தான். கண்ணாடி ஒரு குவியல், அலுமினிய மூடி ஒரு குவியல், உள்ளே பூசியிருக்கும் வெள்ளைப் பொடி ஒரு குவியல். ஒவ்வொரு ட்யூப்புக்குள்ளும் கடுகைவிடச் சிறியதாகப் பாதரசம் இருக்கும். உடைக்கும்போது அது ஆவியாகக் கிளம்பும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

முதலில் கை நடுங்கியது. பிறகு ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் சீறி விழுந்தான், சீறியதற்காக அழுதான். கடைசியில் சிறுநீரகம் நின்றுபோனது. ஆலையின் கிளினிக் இரண்டு வார்த்தையில் கணக்கை முடித்தது: "நாட்பட்ட குடி." ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த சிறுநீர்ப் பரிசோதனைகளையும் கூடவே தைத்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே வரி: "பாதரசம்: இல்லை."

நான்கு மாதமாக நானும் படியேறாத அலுவலகம் இல்லை. போன இடத்திலெல்லாம் அந்த "இல்லை"யைத்தான் என் முகத்தில் எறிந்தார்கள். கடைசியில் ஒரு துப்பறியும் அம்மாளிடம் போய் நின்றேன். அவரை எல்லோரும் அத்தாட்சி என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எதைச் சொன்னாலும், "அத்தாட்சி இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு வந்த பெயர். ஒரு காலத்தில் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் ரசாயனம் பார்த்தவர். அவருடைய உதவியாள் நாற்பத்தைந்து வயது வழுக்கைத்தலையர். வாய் ஓயாததால் ரேடியோ.

"அக்கா, டென்ஷன் ஆகாதீங்க," என்றார் ரேடியோ, ஆலைக்குள் நுழையும்போது தோள்பையைச் சரிசெய்துகொண்டே. "நாங்க எத்தனை கேஸ் பாத்திருக்கோம் தெரியுமா?"

"எத்தனை கேஸ்ல ஜெயிச்சீங்க?"

"இந்தக் கேள்விய மட்டும் எல்லாரும் கரெக்டா கேக்குறாங்க பாஸ்."

அத்தாட்சி சிரிக்கவில்லை. கிளினிக் வாசலில் வெந்நீர்க் கெண்டியுடன் நின்றிருந்த நர்ஸிடம் நேராகப் போனார். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சிறுநீர் எடுக்கிற பாட்டிலை, டெஸ்ட் முடிஞ்சதும் தூக்கிப் போட்டுடுவீங்களா?"

நான் திகைத்தேன். இருக்கிற முக்கால் மணி நேரத்தில் இதுவா கேள்வி?

"இல்ல மேடம். கழுவி வெச்சுடுவோம். ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க நம்பர் போட்ட பிளாஸ்டிக் பாட்டில். அடுத்த தடவையும் அதே பாட்டில்தான்."

"ஏன் அப்படி?"

"அடுத்தவன் பாட்டில்ல போக மாட்டோம்னு ஆளுங்க சண்டை போட்டாங்க. புதுசு வாங்கித் தர மாட்டோம்னு ஆபீஸ்ல சண்டை போட்டாங்க. நடுவுல நான்தான் நம்பர் போட்டு ஒட்டினேன்."

"என்னிக்கு எடுப்பீங்க? என்னிக்கு லேபுக்குப் போகும்?"

"திங்கக்கிழமை எடுப்போம். லேப் வண்டி அடுத்த திங்கள்தான் வரும். அந்த ஆள் பாட்டில்ல இருக்கறத தன்னோட ட்யூப்ல ஊத்தி எடுத்துட்டுப் போவார்."

"ஏழு நாள். அதுவரைக்கும் கெடாம இருக்க அதுல ஏதாவது ஊத்துவீங்களா?"

"நாங்க வேற ஊத்தணுமா மேடம்? அவங்க ஊத்துறது போதாதா?"

ரேடியோ ஆடிப்போனார். "பாஸ், இவங்கள நம்ம டீம்ல சேத்துக்கலாம். என் வேலை போனாலும் பரவால்ல."

அத்தாட்சி நர்ஸின் கையை மெதுவாகத் தட்டினார். "அந்த பாட்டில் எல்லாம் இப்போ எங்கம்மா?"

"உள்ளே அலமாரியில."

"பூட்டு உண்டா?"

"காலி பாட்டிலுக்கு எதுக்கு மேடம் பூட்டு?"

"அதான்," என்று சொல்லிவிட்டு அத்தாட்சி என் பக்கம் திரும்பினார். "உள்ளே போனா என்ன பேசினாலும் பொறுத்துக்கோங்க. நான் சொல்றவரைக்கும் வாயத் திறக்காதீங்க. முடியுமா?"

"முடியாது," என்றேன். "ஆனா செய்றேன்."

* * *

கிளினிக் அறையில் ஒரு மேசை, ஒரு எடை மெஷின், கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டை, சுவர் நீளத்துக்கு ஒரு இரும்பு அலமாரி. ஜன்னலுக்கு வெளியே உடைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மென்று துப்புவதுபோல ஒரு சத்தம்.

மேசையில் தொழிலாளர் துறை அதிகாரி உட்கார்ந்திருந்தார். களைத்த மனிதர். பேனா மூடியைத் திறந்தே வைத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஆலையின் கெமிஸ்ட். பரிசோதனை, காற்று அளவு, பாதுகாப்பு எல்லாமே அவர் பொறுப்பு. அந்த 'நாட்பட்ட குடி'யை எழுதியதும் அவர்தான். இஸ்திரி கலையாத வெள்ளைக் கோட்டு. அவர் ஒருபோதும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அந்தச் சாந்தத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை எரிந்தது.

"உங்க வேதனை புரியுதும்மா," என்றார் என்னிடம். "ஆனா ரிப்போர்ட் பொய் சொல்லாதே."

"சொல்லாது," என்றார் அத்தாட்சி. "கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். சார், நாற்பத்தொண்ணாம் நம்பர் பாட்டில் வேணும். மூணு மணிக்குள்ள முடிச்சிடுறேன்."

அதிகாரி கெமிஸ்டைப் பார்த்தார். கெமிஸ்ட் மென்மையாகச் சிரித்தார்.

"தாராளமா எடுத்துக்கோங்க. கழுவின பாட்டில், உள்ளே ஒண்ணும் இருக்காது." பிறகு என் பக்கம் திரும்பி, அதே மென்மையோடு சொன்னார்: "உங்க தம்பி விட்டுட்டுப் போன காலி பாட்டில் இது ஒண்ணு மட்டும் இல்லம்மா."

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். வார்த்தை கொடுத்திருந்தேன். அந்த வார்த்தையைக் காப்பாற்றியதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

ரேடியோவின் முகத்தில்கூடச் சிரிப்பு செத்திருந்தது. பையைத் திறந்து மூன்று சிறு கண்ணாடிக் குழாய்களையும், தேநீர் நிறத்தில் ஏதோ திரவம் நிரம்பிய ஒரு புட்டியையும், கடைகளில் கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கையும் மேசையில் வைத்தார்.

"என்ன இது?" என்றார் அதிகாரி.

"தங்கம் சார்," என்றார் ரேடியோ. "பவுன் கணக்குல வாங்க எங்களுக்கு வக்கில்ல. அதனால கண்ணுக்கே தெரியாத சைஸ்ல வெச்சிருக்கோம். திருடனும் வர மாட்டான், மாமியாரும் கேக்க மாட்டாங்க."

அத்தாட்சி விளக்கினார். தங்கத்தை உப்பாகக் கரைத்து, முட்டையின் வெள்ளைக்கருவில் கலந்து, இளஞ்சூட்டில் வைத்தால் அது நுண்துகளாகத் திரளும். இருபது, இருபத்தைந்து அணுக்கள் சேர்ந்தது ஒரு துகள். நகையில் பார்க்கிற மஞ்சள் அதற்குக் கிடையாது. ஊதா விளக்கைக் காட்டினால் தணல்போலச் சிவப்பாக ஒளிரும். பாதரசம் வந்து தொட்டால் அந்த ஒளி அவிந்துவிடும்.

"அவ்வளவுதான் சார். இது ஒரு காவல் விளக்கு. பாதரசம் உள்ளே வந்தா அணைஞ்சிடும்."

"ஆனா பாட்டில் காலி," என்றார் கெமிஸ்ட்.

"காலின்னு யார் சொன்னது? பாதரசத்துக்குத் தண்ணியில இருக்கப் பிடிக்காது. எடுத்த உடனே ரெண்டு சொட்டு ஆசிட் விட்டு வெச்சா அடங்கி இருக்கும். விடாம ஏழு நாள் பிளாஸ்டிக்குல வெச்சா, போய்ச் சுவத்துல ஒட்டிக்கும். லேப் வண்டி ஊத்திட்டுப் போனது வெறும் தண்ணிய. லேபும் உண்மையைத்தான் சொல்லியிருக்கு, இல்லன்னு. திருடன் வீட்டுலயே இருக்கான் சார், நாம தெருவுல தேடியிருக்கோம். பச்சைத் தண்ணியில அலசினா அவன் போகவும் மாட்டான். ஒவ்வொரு ஆறு மாசமும் புதுசா ஒரு பங்கு சேர்ந்திருக்கும்."

அலமாரியிலிருந்து பாட்டில்களை அதிகாரியே எடுத்தார். பிரிக்காத புது பாட்டில் ஒன்று. மாடியில் உட்கார்ந்து வேலை செய்யும் கணக்கருடைய மூன்றாம் நம்பர். என் தம்பியின் நாற்பத்தொன்று. மூன்றிலும் அத்தாட்சி ஒரே அளவு ஆசிட் விட்டுக் குலுக்கினார். சோடா உப்பைச் சேர்த்து அதன் வீரியத்தை முறித்தார். மூன்று குழாய்களில் ஊற்றி, மூன்றிலும் அந்தத் தங்கத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்.

நர்ஸ் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். ஊதா விளக்கு எரிந்தது.

புது பாட்டிலின் குழாய் சிவந்து நின்றது. கணக்கருடையதும் சிவந்து நின்றது.

மூன்றாவது குழாயில் ஒன்றுமே இல்லை. மேசையில் அந்த இடத்தில் மட்டும் யாரோ ஒரு துண்டு இருட்டை வெட்டி வைத்ததுபோல இருந்தது.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்த மேசையைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும்போலத்தான் வந்தது. நான்கு மாதம் எத்தனை பேர் முன்னால் கை கட்டி நின்றேன்! அத்தனை நாளும் இந்த பாட்டில் பூட்டுக்கூட இல்லாத அலமாரியில் நின்றிருக்கிறது.

"செம்பா இருக்கலாம்," என்றார் கெமிஸ்ட். குரல் இன்னும் ஏறவில்லை. "செம்பும் இந்த ஒளியை அணைக்கும். பாட்டில் கழுவுற குழாய் பழைய செம்புக் குழாய்."

"நல்ல கேள்வி. நீங்க படிச்சவர்னு தெரியுது," என்றார் அத்தாட்சி. "ஆனா கணக்கர் பாட்டிலையும் அதே குழாயிலதானே கழுவினீங்க? செம்பு ஆள் பாத்தா ஒட்டும்?"

"அதானே," என்றார் ரேடியோ. "செம்புக்கு இன்க்ரிமென்ட் லிஸ்ட் தெரியுமா சார்?"

"இருந்தாலும் பாத்துடுவோம்." அத்தாட்சி ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியை எடுத்தார். செம்பை மட்டும் கட்டிப்போடுகிற பொடியாம். கணக்கருடைய குழாயில் மயில்துத்தச் சொட்டு ஒன்று விட்டார். மயில்துத்தம் செம்பின் உப்பு. அந்தக் குழாய் மங்கிப்போனது. பொடியைப் போட்டார். தணல் ஊதியதுபோலத் திரும்ப வந்தது. அதே பொடியை என் தம்பியின் குழாயிலும் போட்டார். அது அசையவே இல்லை.

அதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரையைத் திறக்கச் சொன்னார். வெளிச்சத்தில் அவருக்கு வயது கூடித் தெரிந்தது.

"சரி. பாதரசம் இருந்திருக்கு. ஒத்துக்கிறேன்." பேனாவை எடுத்தார். "நடைமுறைக் கோளாறுன்னு எழுதிக்கிறேன்."

கெமிஸ்ட் அந்த வார்த்தையைப் பாய்ந்து பிடித்துக்கொண்டார். "ஆமா சார். ஆசிட் விடணும்னு எங்களுக்கு யாருமே சொல்லல. அறியாம நடந்தது. இனிமே சரி பண்ணிக்கிறோம். அதுக்காக அந்தப் பையன் குடிக்கவே இல்லன்னு ஆயிடாதே? ரெண்டும் இருந்திருக்கலாம்."

அதிகாரி தலையாட்டினார். ரெண்டும் இருந்திருக்கலாம்! ஐந்து நிமிடத்துக்கு முன் இருட்டில் நான் பார்த்தது என் கண் எதிரிலேயே கரைந்துகொண்டிருந்தது. தம்பி செத்தது ஒரு கோளாறு. மிச்சத்துக்குக் குடி. ஜன்னலுக்கு வெளியே இயந்திரம் மென்று துப்பிக்கொண்டே இருந்தது.

அத்தாட்சி அலமாரி முன்னால் நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"பாஸ், கிளம்பலாமா?" என்றார் ரேடியோ தணிந்த குரலில்.

"ஒன்பதைக் காணோமே."

"எந்த ஒன்பது?"

"ஒண்ணுலேருந்து எட்டு இருக்கு. பத்துலேருந்து அறுபத்திரெண்டு இருக்கு. ஒன்பதாம் நம்பர் யாரோடது?"

கெமிஸ்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸ் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இந்த முறை தலையைக் குனியவில்லை.

"சாரோடது மேடம். கீழ்த் தட்டுல தனியா இருக்கும்."

அவளே குனிந்து ஒரு தகர டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே இருந்தது பிளாஸ்டிக் இல்லை. கறுப்பு மூடி போட்ட பழுப்புக் கண்ணாடி பாட்டில். ஒட்டியிருந்த சீட்டின் ஓரமெல்லாம் கருகி, பூச்சி அரித்ததுபோல ஓட்டை விழுந்திருந்தது. அழிந்துபோன எண்ணின் மேல் மறுபடியும் ஒன்பது என்று எழுதி, அதுவும் பாதி அரித்துப்போயிருந்தது.

அத்தாட்சி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

"அறுபத்தோரு பேர் சீட்டு புதுசு மாதிரி இருக்கு. உங்க சீட்டை மட்டும் எது சார் தின்னுச்சு?"

கெமிஸ்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எலியா இருக்கும் பாஸ்," என்றார் ரேடியோ. "படிச்ச எலி. ஆசிட் குடிக்கிற எலி."

"சார் பாட்டில்ல மட்டும் அவரே நாலு சொட்டு விடுவார்," என்றாள் நர்ஸ். ஆரம்பித்த பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. "சில நாள் ஓரத்துல வழியும். மத்தவங்களுக்கும் விடட்டுமா சார்னு ஒரு தடவை கேட்டேன். வேண்டாம், அவங்களுக்கு எதுக்குன்னார். இந்த பாட்டில் வேற லேபுக்குப் போகும். ரிப்போர்ட் வந்தா தொலையக் கூடாதுன்னு இந்த டப்பாவுலயே போட்டு வெச்சேன்."

டப்பாவின் அடியில் மடித்த ரிப்போர்ட் சீட்டுகள் இருந்தன. அதிகாரி ஒவ்வொன்றாகப் பிரித்து, தேதி வரிசையில் அடுக்கி, பாதரச அளவுகளைப் படித்தார். ஒன்பது. பதினெட்டு. முப்பத்துநான்கு. எழுபத்தொன்று. அந்த எழுபத்தொன்றின் கீழே யாரோ சிவப்பில் கோடிழுத்திருந்தார்கள். அதற்கடுத்த சீட்டில் இருபத்தாறு. அதற்கடுத்ததில் ஐந்து.

"எப்படிக் குறைஞ்சுது?" என்றார் அதிகாரி. கேள்வி கெமிஸ்டுக்கு.

"நான்... மேஜைய மாடிக்கு மாத்திக்கிட்டேன்."

"முன்னாடி எங்கே இருந்தது?"

"மெஷின் பக்கத்துல. பதிவேடு எழுதற இடத்துல."

எழுபத்தொன்று எந்த மாதத்துச் சீட்டு என்று நான் எட்டிப் பார்த்தேன். அந்த மாதம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"மேடம், இப்போ பேசலாமா?"

"பேசுங்க," என்றார் அத்தாட்சி.

எழுந்தேன். கெமிஸ்டுக்கு நேராகப் போய் நின்றேன்.

"அந்த மாசம் என் தம்பி ஓடி வந்து என்கிட்ட சொன்னான். அக்கா, இனிமே மூட்டை தூக்க வேண்டாம், பதிவேடு எழுதற வேலை, உக்கார நாற்காலி, தலைக்கு மேல ஃபேன், கெமிஸ்ட் சாரே கூப்பிட்டுக் குடுத்தார்னான். அவ்வளவு நல்ல மனுஷன்க்கான்னு சொன்னான். உன் பேர் சொல்லிக் கும்பிட்டான்யா. நீ எந்திரிச்ச நாற்காலி ஆறறதுக்குள்ள அவனைக் கூப்பிட்டு உக்கார வெச்சிருக்க."

"யாராவது ஒருத்தர் அங்க உக்காரணும்மா. பதிவேடு எழுதணும்ல?"

அவர் அதைச் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதில் கெட்ட எண்ணம்கூட இல்லை. மழை வந்தால் யாராவது நனையத்தானே வேண்டும் என்பதுபோலச் சொன்னார். அறைய ஓங்கிய என் கையை ரேடியோ பிடித்துக்கொண்டார்.

"வேண்டாங்க்கா. அடிச்சா அவன் கேஸ் போடுவான். நீங்க நிக்கணும்."

"உனக்குத் தெரியும்," என்றேன். "ஆசிட் விடணும்னு தெரியும். எழுபத்தொண்ணுன்னா என்னன்னு தெரியும். என் தம்பி கை நடுங்கினப்போ ஏன்னு தெரியும். தெரிஞ்சுதான் குடின்னு எழுதின."

கெமிஸ்ட் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி அவர் பக்கம் திரும்பவில்லை. காகிதத்தைத் தன் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார். மணி மூன்றைத் தாண்டிப் பத்து நிமிடம்.

"அம்மா, இந்தக் குடிங்கிற வரியை அடிச்சுடறேன்," என்றார் என்னிடம்.

"அடிக்காதீங்க சார்."

பேனா நின்றது. அத்தாட்சிகூடத் திரும்பிப் பார்த்தார்.

"அடிச்சா, அப்படி ஒண்ணு எழுதவே இல்லன்னு ஆயிடும். அது அப்படியே இருக்கட்டும். யார் எழுதினதுன்னு பக்கத்துல போடுங்க. எழுதும்போது அவர் டப்பாவுல என்ன சீட்டு இருந்ததுன்னு போடுங்க. அதுக்குக் கீழ, என் தம்பி எதனால செத்தான்னு எழுதுங்க. அப்புறம் அந்த நாற்காலியில இன்னிக்கு யார் உக்காந்திருக்காங்கன்னு கேட்டு அதையும் எழுதுங்க."

அதிகாரி நர்ஸை அனுப்பி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். எழுத ஆரம்பித்தார். 'காரணம்' என்ற கட்டத்தில் மூன்று வார்த்தைக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். அது நிரம்பியதும் ஓரத்தில் எழுதினார். ஓரமும் நிரம்பியதும் தாளைப் பின்பக்கம் திருப்பினார்.

ரேடியோ எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதிகாரி எழுதி முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.